வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?

டாக்டர் இர்மா கேட்டபோது
ஒன்றுமில்லை என்றுதான் தெங்கிஸ் சொன்னான்.
நானும் தலையாட்டினேன்.
பொய்யில்லை அது.
தேநீரை யார் கணக்கில் வைப்பார்கள்?

குதாயிசிச் சந்தையில், பாலாடைக்கட்டி வரிசைக்கு அப்பால்,
இருபத்திரண்டு வருடமாக மூலிகை விற்கிறேன்.
க்ரசானா: ஜூன் கடைசியில் சரிவெல்லாம் மஞ்சள்.
மொட்டைக் கசக்கினால் விரல் சிவக்கும்.
இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால்
ஊசி குத்தியதுபோல் பொடிப்பொடித் துளை.
மனம் தொய்ந்தவர்களுக்குக் கொடுப்பேன்.
தெங்கிஸுக்கு மனம் தொய்ந்திருந்தது.

ஊசி என்றதும்தான்.
தொண்ணூற்று நான்கு, மின்சாரமில்லாத குளிர்காலம்.
நான்கு பேர், ஒரு சிரிஞ்சு,
அலச ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர்.
மற்ற மூவரில் இருவர் இப்போது இல்லை.
இவன் மினிபஸ் ஓட்டினான், என்னைக் கட்டினான்,
ஈரலில் ஒருவன் வாடகை தராமல் குடியிருப்பது
இருபத்தைந்து வருடம் தெரியாமலே இருந்தான்.

பிறகு அரசாங்கம் மாத்திரையை இலவசமாய்க் கொடுத்தது.
தினம் ஒன்று, பன்னிரண்டு வாரம்.
காலையில் அவன் விழுங்குவான்,
நான் ஃபிளாஸ்க்கைத் திறப்பேன்.
எண்பத்து நான்கு காலை.
எண்பத்து நான்கு ஃபிளாஸ்க்.

வைரஸ் முதலில் காணாமல் போனது.
மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது,
செருப்பை மறந்துவிட்டுப் போனவன்போல.

இரண்டாம் முறை இர்மா வேறு மாதிரி கேட்டாள்:
என்ன குடிக்கிறீர்கள்? இந்தப் பையில் என்ன வாசனை?
ஃபிளாஸ்க் என் மடியில்தான் இருந்தது.
மூடியைத் திருகி முகர்ந்தாள்.
பேனாவைக் கீழே வைத்தாள்.

திட்டுவாள் என்றிருந்தேன். படம் வரைந்தாள்,
மாத்திரைப் பெட்டியின் முதுகில்.
குடல் சுவர். அதில் சின்னச் சின்ன வாசல்.
வாசலுக்கொரு ஆள்.
வேண்டாத சரக்கை வெளியே தள்ளுவது அவர்கள் வேலை.
சில பேர்தான் இருப்பார்கள், அதிலும் பாதி பேர் தூக்கம்.
உங்கள் பூ போய் அவர்களை எழுப்புகிறது,
ஊரிலிருந்து இன்னும் ஆட்களைக் கூட்டி வருகிறது.
ஈரலில் அடுப்புகள் கூடிப்போகின்றன,
மருந்து வந்து உட்காருமுன் எரித்துவிடுகின்றன.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
நாங்கள் வாசற்படியிலேயே திருப்பியிருக்கிறோம்,
விருந்தாளி கடவுள் அனுப்பியவன் என்று
கோப்பை தூக்கும் நாட்டில்.

விஷமா அது, என்றேன்.
இல்லை, பலமானது, என்றாள்.
அதனால்தானா?
உறுதியாகச் சொல்ல முடியாது. இருக்கலாம்.

அந்த 'இருக்கலா'மைத் தூக்கிக்கொண்டு
ரியோனிப் பாலம் வரை நடந்தேன்.
தெங்கிஸ் பின்னால் வந்தான், ஃபிளாஸ்க்கோடு.

இதை யாரிடம் சொல்வது?
என் மருமகன் கோச்சா, பல் மருத்துவன்,
என் கடையைக் காய்ந்த புல் என்பான்.
வெந்நீரில் மூடநம்பிக்கை போட்டுத் தருகிறீர்கள் என்பான்.
வெட்கத்தில் முகம் எரிந்துகொண்டிருக்கும்போதே
உள்ளே எங்கோ ஓரத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது:
என் புல் வேலை செய்திருக்கிறது.
தெங்கிஸின் மேல் செய்திருக்கிறது.
அந்த நிமிடத்துக்காக
என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது வேறு மாத்திரை, மூன்று வாரமாக.
அவன் வெறும் வெந்நீர் குடிக்கிறான்.
கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.
குளிக்கிற தண்ணீரைக் குடிக்கிறேன் என்று மட்டும்
தினம் ஒருமுறை சொல்கிறான்.

கடையில் மூட்டை அப்படியே இருக்கிறது.
எறிய மனமில்லை. போன ஜூனில்
முழங்கால் வலியோடு நானே ஏறிப் பறித்தது.

நேற்று ஒருத்தி வந்தாள், கறுப்பு உடை,
தூங்காத கண்.
க்ரசானா இருநூறு கிராம் கேட்டாள்.
வேறென்ன சாப்பிடுகிறீர்கள், என்றேன்.
ஒன்றுமில்லை, என்றாள்.

தராசைக் கீழே வைத்தேன்.
கைப்பையைத் திறங்கள், என்றேன்.